உடன்வந்தவன் வீழ்ந்தபின்

மரணத்தைப் பாடாத இலக்கியம் எம்மொழியிலும் இல்லை. ஆயினும், ஒருவன் தன் இல்லத்தில் இறப்பதற்கும், ஒரு குழுவின் நடுவே கடமையில் நின்று இறப்பதற்கும் வேறுபாடு உண்டு. முன்னதில் வீடு அழுகிறது. பின்னதில் வீடு அழும்போதே, உடன் நின்றவர்கள் தாம் மட்டும் பிழைத்துவிட்ட கூச்சத்தோடு வாய்விட்டு அழவும் இயலாமல் நிற்கின்றனர். இந்த இரண்டாம் வகைத் துயரத்தை இன்று நம் கூடங்களுக்குள் கொண்டுவந்து சேர்ப்பது தொலைக்காட்சியின் குற்றப் புலனாய்வுத் தொடர்களே ஆகும்.

சான்றாக, 'சி.ஐ.டி.' என்னும் இந்தித் தொடரைக் கூறலாம். 1998 ஜனவரியில் தொடங்கிய அத்தொடர் 2018 வரை இருபது ஆண்டுகள் ஓடியது. 2024 டிசம்பரில் மீண்டும் உயிர்பெற்றது. அதில் குழுவின் தலைவராகிய ஏ.சி.பி. பிரத்யுமன் என்னும் பாத்திரத்தைச் சிவாஜி சாடம் ஏற்று நடித்தார். 2025 ஏப்ரலில் அப்பாத்திரம் வெடிகுண்டுக்கு இரையானதாகக் காட்டப்பட்டது. உண்மையான மனிதர் மறைந்தால் வெளியிடுவது போன்றதோர் இரங்கல் அறிவிப்பையும் தொலைக்காட்சி நிறுவனம் வெளியிட்டது. நேயர்கள் கலங்கினர், பலர் சினந்தனர். பின்னர் அதே பாத்திரம் உயிரோடு திரும்பி வந்தது.

அதே தொடரில் பிரெட்ரிக்ஸ் என்னும் நகைச்சுவைக் காவலராக நடித்த தினேஷ் பட்னிஸ் 2023 டிசம்பரில் உண்மையாகவே காலமானார். அவரைத் திரும்ப அழைத்துவர எந்தக் கதாசிரியராலும் இயலவில்லை. நாடகத்தின் சாவுக்கும் நாட்டில் நிகழும் சாவுக்கும் உள்ள தொலைவு இதுதான். இந்தத் தொலைவை நம் மாணவர்கள் உணர வேண்டும் என்பதே இக்கட்டுரையின் நோக்கம். தோழனை இழந்த குழு அடுத்து என்ன செய்ய வேண்டும் என்னும் வினாவுக்குத் திரை ஒரு விடையைத் தருகிறது. நம் மரபும் அண்மைக்கால வரலாறும் வேறு விடையைத் தருகின்றன. அவ்விரண்டையும் எடைபோட்டுப் பார்ப்பது நம் கடமை.

திரை தரும் விடை

குற்றத் தொடர்களைத் தொடர்ந்து காண்போர்க்கு அவற்றின் இலக்கணம் மனப்பாடம். குழுவில் ஒருவன் கொல்லப்படுவான். அவன் பெரும்பாலும் இளையவனாகவோ, மறுவாரம் மணமுடிக்க இருப்பவனாகவோ, ஓய்வுபெற ஒரு நாள் எஞ்சியிருப்பவனாகவோ இருப்பான். தலைவனின் மடியில் தலைவைத்து உயிர்விடுவான். தலைவன் கண்ணீரைத் துடைத்துக்கொண்டு சூளுரைப்பான். பகுதி முடிவதற்குள் கொலையாளி வீழ்வான். அடுத்த வாரம் இறந்தவனின் நாற்காலியில் வேறொருவன் அமர்ந்திருப்பான்.

இவ்வமைப்பில் நன்மை இல்லாமல் இல்லை. காவலன் என்றால் அஞ்சி ஒதுங்கும் ஒரு சமுதாயத்தில், அவனும் பசியும் பாசமும் உடைய மனிதன், அவனுக்காகவும் ஒரு வீடு வாயிலில் காத்திருக்கிறது என்பதை இத்தொடர்கள் உணர்த்துகின்றன. காவலர் ஒருவரின் இறுதி ஊர்வலத்தையும் கண்டிராதவர் ஒரு பாத்திரத்துக்காகக் கண்ணீர் விடுவாரெனில் அக்கண்ணீரை நாம் இகழ மாட்டோம்.

எனினும் இவ்வமைப்பினுள் மூன்று பொய்கள் மறைந்துள்ளன. கொன்றவன் எப்போதும் பகைவனே என்பது முதற்பொய். பழிதீர்த்தால் துயரம் தீரும் என்பது இரண்டாம் பொய். இறந்தவனை நினைக்க ஒரு வாரம் போதும் என்பது மூன்றாம் பொய். இவற்றை நம் முன்னோர் எவ்வாறு எதிர்கொண்டனர் என்பதை முதலில் காண்போம்.

கூத்துக் களத்தின் படிப்பினை

விழுப்புரம் மாவட்டத்தில், செஞ்சிக்கும் திண்டிவனத்துக்கும் அண்மையிலுள்ள வல்லம் வட்டாரம் தெருக்கூத்துக்குப் பேர்போன மண்ணைச் சேர்ந்தது. செஞ்சியை அடுத்த மேலச்சேரியின் திரௌபதி அம்மன் கோயிலை அறிஞர் பலரும் ஆராய்ந்துள்ளனர். இப்பகுதியில் பாரதக் கூத்து நடைபெறும்போது எச்சமயத்தாராயினும் விடிய விடியக் கண்விழித்துப் பார்ப்பது வழக்கம். அக்கூத்துகளுள் அபிமன்யுவின் வீழ்ச்சியைக் கூறும் கூத்து மக்கள் நெஞ்சை உலுக்குவது.

குழு தன் இளையவனை இழக்கும் கதைகளுள் அதனினும் பழையதும் வலியதும் வேறொன்று உண்டோ என ஐயுறுகிறோம். பதின்மூன்றாம் நாட் போரில் வியூகத்துள் புகுந்த இளைஞன் வெளியேற வழியின்றி மாள்கிறான். தந்தை அருச்சுனன், மறுநாட் பொழுது சாய்வதற்குள் சயத்திரதனைக் கொல்வேன், இன்றேல் தீப்பாய்வேன் எனச் சூளுரைக்கிறான். அதை முடித்தும் காட்டுகிறான். இன்றைய தொடராயின் கதை அங்கேயே முடிந்திருக்கும். பாரதம் அங்கே முடியவில்லை. சயத்திரதன் மாண்ட நாளின் போர் அந்தியோடு நில்லாமல் இரவுக்குள்ளும் நீள்கிறது. போரறம் ஒவ்வொன்றாய்ச் சிதைகிறது. துரோணர் ஒரு பொய்யால் வீழ்கிறார். அவர் மகன் அசுவத்தாமன், பதினெட்டாம் நாட் போர் முடிந்தபின், உறங்குவோரிடையே புகுந்து திரௌபதியின் மைந்தர் ஐவரையும் கொல்கிறான். ஒரு மகனுக்காகத் தொடங்கிய பழி ஐந்து மகன்களை விழுங்கி ஓய்கிறது.

எழுத்தறியாத கூத்துக் கலைஞரும் அறிந்திருந்த உண்மை இது. பழி ஒரு வாசலோடு நிற்பதில்லை. நாற்பது நிமிடத் தொடர் சூளுரையைக் காட்டிவிட்டு விளக்கை அணைக்கிறது. கூத்தோ விளக்கை அணைக்காமல், பழியின் விலையையும் நம் கண்முன் நிறுத்துகிறது. சுபத்திரையின் புலம்பலுக்கும் அது நேரம் ஒதுக்குகிறது. அழுவதற்குப் போதிய நேரம் தருவதும் ஒரு நாகரிகம் என நாம் கருதுகிறோம்.

கல்லில் எழுதிய கடன்

தமிழர் வீழ்ந்தவனுக்குச் செய்த மற்றொரு கடன் நடுகல். கல்லைத் தேர்ந்து காண்பது தொடங்கி, அதனை நீராட்டி, நட்டு, வாழ்த்துவது வரை அதற்குரிய நிலைகளைத் தொல்காப்பியம் ஆறாகப் பகுத்துரைக்கிறது. ஆநிரை கவர்வோர்க்கு வெட்சியும், அதனை மீட்போர்க்குக் கரந்தையும் உரியன என்பதை இலக்கணம் பயிலும் மாணவர் அறிவர். ஆநிரை மீட்கச் சென்று மீளாதவனுக்கு ஊர் கல் எடுத்தது.

செங்கம் வட்டாரத்தில் கிடைத்துள்ள பல்லவர் காலத்து நடுகற்களைப் படித்துப் பார்த்தால் வியப்பு மேலிடும். எந்த அரசனின் எத்தனையாவது ஆட்சியாண்டு, எந்த ஊர்ப் பூசல், யாருடைய சேவகன், எப்படிப் பட்டான் என்னும் செய்திகள் சில வரிகளுக்குள் அடங்கியிருக்கும். புகழுரை மிகக் குறைவு, செய்தியே மிகுதி. மகேந்திரவர்மனின் 34ஆம் ஆட்சியாண்டைச் சேர்ந்த எடுத்தனூர் நடுகல் அவற்றுள் தனிச்சிறப்புடையது. கருந்தேவக்கத்தி என்னும் வீரன் பூசலில் பட்ட செய்தியைக் கூறும் அக்கல், அவனுடைய நாயின் செய்தியையும் கூறுகிறது. கோவிவன் என்னும் அந்நாய் கள்ளர் இருவரைக் கடித்து நின்றதாம். நாயின் உருவும் வீரனுடன் கல்லில் செதுக்கப்பட்டுள்ளது. ஏறத்தாழ 1400 ஆண்டுகளுக்கு முன் நாயையும் குழுவின் உறுப்பாக மதித்து அதன் பெயரைப் பொறித்த மக்கள் நம் அண்டை ஊரார் என்பது பெருமைக்குரியது.

செஞ்சி மண்ணே வழங்கிய கதை ஒன்றும் இங்கு எண்ணத்தக்கது. செஞ்சியை ஆண்ட தேசிங்கு என்னும் தேஜ்சிங், ஆர்க்காட்டு நவாபு சாதத்துல்லாகானின் படையை எதிர்த்து 1714 அக்டோபரில் களத்தில் வீழ்ந்தான். அவன் கதையைப் பாடும் நாட்டுப்புறக் கதைப்பாடல், அவனோடு அவன் இசுலாமியத் தோழனையும் சேர்த்தே பாடுகிறது. மணக்கோலத்தில் இருந்த அத்தோழன், நண்பனின் அழைப்பு வந்ததும் மணப்பந்தலை விட்டுக் களம் புகுந்து மாண்டான் என்பது கதை. எதிரியும் இசுலாமியன், உயிர்த்தோழனும் இசுலாமியன் என்னும்போது, அப்பாடலைப் பாடிய எளிய மக்கள் மனிதரைச் சமயத்தால் பிரிக்காமல் நன்றியால் பிரித்தறிந்தனர் என்பது புலனாகிறது. இன்றளவும் இவ்வட்டாரத்தார் இருவர் பெயரையும் ஒரே மூச்சில் கூறுகின்றனர். 300 ஆண்டுகள் கடந்தும் அந்த நாற்காலியில் வேறொருவன் அமர்த்தப்படவில்லை.

பழமையைப் போற்றுவதோடு நாம் நின்றுவிடலாகாது. நடுகல்லின் நேர்மை, கூத்தின் பொறுமை, கதைப்பாடலின் நினைவாற்றல் ஆகிய மூன்றும் நம் காலத்து மரணங்களின் முன் எந்த அளவுக்கு நம்மிடம் எஞ்சியுள்ளன என்று பார்க்க வேண்டும்.

மெய்யைச் சொல்லும் துணிவு

2017 நவம்பர் 17 அன்று 'தீரன் அதிகாரம் ஒன்று' என்னும் திரைப்படம் வெளிவந்தது. எச். வினோத் இயக்கத்தில் கார்த்தி நடித்த அப்படம், தமிழகத்தில் 1995 முதல் 2005 வரை நெடுஞ்சாலையோர வீடுகளில் கொலையும் கொள்ளையும் நிகழ்த்திய வடநாட்டுக் கும்பலைத் தமிழகக் காவல்துறை தேடிச் சென்ற உண்மை நிகழ்ச்சிகளைத் தழுவியது. வேற்று மாநிலத்து வறண்ட நிலத்தில், மொழி தெரியாத ஊர்களில், சிறு குழு ஒன்று உயிரைப் பணயம் வைத்து அலைவதைக் கண்டு மக்கள் கைதட்டினர்.

அதே மாதத்தில் சென்னைக் கொளத்தூரில் நகைக்கடை ஒன்றின் மேற்கூரையைத் துளையிட்டுத் தங்கமும் வெள்ளியும் கொள்ளையடிக்கப்பட்டன. கொள்ளையரைத் தேடித் தனிப்படை ஒன்று இராசத்தான் சென்றது. மதுரவாயல் காவல் ஆய்வாளர் பெரியபாண்டியன் அப்படையில் இருந்தார். நெல்லைச் சீமையின் சிற்றூரில் பிறந்தவர். தம் ஊர்ப் பள்ளிக்கு நிலம் அளித்தவர். 2017 டிசம்பர் 13 அன்று பின்னிரவில், பாலி மாவட்டத்தில் ஒரு சுண்ணாம்புச் சூளையில் பதுங்கியிருந்தோரைப் பிடிக்க முயன்றபோது எழுந்த கைகலப்பில் அவர் குண்டு பாய்ந்து இறந்தார். படம் வெளியாகி ஒரு மாதம்கூட நிறைவடையவில்லை.

கொள்ளையர் சுட்டுக் கொன்றனர் என்பதே முதலில் வந்த செய்தி. தமிழகம் முழுவதும் துயரமும் சினமும் பொங்கின. சில நாட்களில் இராசத்தான் காவல்துறையின் விசாரணை வேறோர் உண்மையை வெளிக்கொணர்ந்தது. அவர் மீது பாய்ந்த குண்டு கொள்ளையரின் துப்பாக்கியிலிருந்து வரவில்லை. கொள்ளையரை நோக்கி உடன்வந்த அதிகாரி சுட்டபோது, இருளிலும் குழப்பத்திலும் தவறிப் பாய்ந்தது என்று அவ்விசாரணை கூறியது.

எந்தத் தொடரும் எழுதத் துணியாத முடிவு இது. இங்கே சூளுரைக்க இடமில்லை. பழிவாங்கப் பகைவன் இல்லை. நண்பனைக் காக்க உயர்ந்த கையே நண்பனை வீழ்த்தியது என்னும் துயரத்தை எந்தப் பின்னணி இசையால் தணிக்க இயலும்? அந்த உண்மையை மறைத்திருந்தால் வீரக்கதை ஒன்று குறையின்றி நின்றிருக்கும். மறைக்காமல் கூறியதே இறந்தவருக்குச் செய்த மரியாதை என்பது நம் கருத்து. எவ்வாறு இறந்தார் என்ற மெய் வெளிப்பட்டால்தான், இரவில் அறியாத இடத்துக்குள் நுழையும் அடுத்த படைக்கு எத்தகைய பயிற்சி வேண்டும், உள்ளூர்க் காவலரின் துணை எவ்வளவு வேண்டும் என்னும் வினாக்கள் எழும். வீரக்கதை நம்மை அழவைத்து அனுப்பிவிடும். மெய்ச்செய்தி அடுத்த உயிரைக் காக்கும்.

இதனால் பெரியபாண்டியனின் வீரம் ஓர் அணுவளவும் குறைந்துவிடவில்லை. குண்டு எங்கிருந்து வந்ததாயினும், அவர் அவ்விருளுக்குள் நுழைந்தது கடமைக்காகவே. நடுகல் செதுக்கியவன் அதைத்தான் பொறித்திருப்பான்.

இக்காலக் கரந்தை

கரந்தைத் திணைக்கு உரை எழுதுவோர் இனிப் பழைய பாடல்களில் மட்டும் சான்று தேட வேண்டியதில்லை. 2021 நவம்பர் 21 அன்று அதிகாலையில், திருச்சி மாவட்டம் நவல்பட்டுக் காவல் நிலையத்தின் சிறப்பு உதவி ஆய்வாளர் பூமிநாதன், இருசக்கர வண்டிகளில் ஆடு திருடிச் சென்றோரைத் துரத்திச் சென்றார். மாவட்ட எல்லையைக் கடந்து புதுக்கோட்டை மாவட்டம் கீரனூர்ப் பகுதியில் அவர்களை மடக்கினார். துணைக்கு ஆள் வந்து சேருமுன் அவர் வெட்டிக் கொல்லப்பட்டார்.

ஏழை ஒருவன் வீட்டு ஆட்டுக்காக ஓர் அதிகாரி உயிர்கொடுத்தார். ஆட்டின் விலை சில ஆயிரம் உரூபாய்தானே, அதற்காக ஓர் உயிரா என்று கேட்போர் உண்டு. கொட்டிலில் ஆடு கட்டியிருக்கும் வல்லம் பகுதி உழவர் வீட்டுப் பெண்ணைக் கேட்டால் அதன் மதிப்பைக் கூறுவாள். மகளின் கல்லூரிக் கட்டணமும், மருத்துவச் செலவும், திருநாள் புத்தாடையும் அந்த ஆட்டின் உருவில்தான் கொட்டிலில் நிற்கின்றன. பூமிநாதன் துரத்தியது அவற்றைக் கவர்ந்து சென்றவர்களை.

இவ்வழக்கில் கைதானவர்கள் யார்? 19 வயது இளைஞன் ஒருவனும் அவனோடு சிறுவர் இருவரும். தொடர்களில் வரும் தழும்பேறிய முகமும் அடியாட்களும் உடைய கொடியவனை எதிர்பார்த்த நாடு, பள்ளிக்குச் செல்ல வேண்டிய வயதினரைக் கண்டு திகைத்தது. திரையின் சூளுரையை இங்கே பொருத்திப் பாருங்கள். பத்து வயதை ஒட்டிய சிறுவன் முன் எந்தத் தலைவன் துப்பாக்கியை நீட்டுவான்? சட்டத்தின் மெதுவான, சலிப்பூட்டும் நடை ஏன் தேவை என்பதற்கு இதனினும் சிறந்த விளக்கம் இல்லை. சட்டம் இளைஞனை ஒரு மன்றத்துக்கும் சிறுவரை வேறொரு மன்றத்துக்கும் அனுப்புகிறது. ஆத்திரம் வயதைப் பார்ப்பதில்லை.

அந்நிகழ்ச்சிக்குப் பின், இரவு ரோந்து செல்வோர் தற்காப்புக்கு ஆயுதம் ஏந்திச் செல்ல வேண்டும் எனக் காவல்துறைத் தலைமை அறிவுறுத்தியது. இழப்பிலிருந்து ஒரு துறை கற்றுக்கொள்ளும் வழி இதுவே. ஆயுதத்தோடு, தனியே செல்லாதிருக்கப் போதிய ஆட்களும் வேண்டும் என்பதை நாம் சேர்த்துக் கூற விரும்புகிறோம்.

மடி கிடைக்காத மரணம்

தொடர்களில் வீழ்பவனுக்கு எப்போதும் ஒரு தோழனின் மடி கிடைக்கிறது. 2010 ஜனவரி 7 அன்று நெல்லை மாவட்டத்தில் உதவி ஆய்வாளர் வெற்றிவேலுக்கு அது கிடைக்கவில்லை. கொலைக்கும்பல் ஒன்றால் தாக்கப்பட்டுச் சாலையில் குருதி வெள்ளத்தில் அவர் கிடந்தபோது, அவ்வழியே வந்த அமைச்சர்களின் வாகன வரிசை நின்றது. ஆட்கள் இறங்கினர், சூழ்ந்து நின்றனர். அவரைத் தூக்கிச் செல்லும் கைகள் உடனே நீளவில்லை. அத்துடிப்பைப் படக்கருவி பதிவு செய்தது, தொலைக்காட்சிகள் ஒளிபரப்பின.

இதைக் கூறுவது எவர் மீதும் வழக்குத் தொடுப்பதற்காக இல்லை. ஒரு கற்பனைப் பாத்திரம் இறந்தால் துடிக்கும் கண்கள், உண்மையான குருதியின் முன் வேடிக்கை பார்க்கும் கண்களாகிவிடக் கூடாதே என்னும் அச்சத்தால் கூறுகிறோம். காவலனின் குழு என்பது சீருடை அணிந்தோர் மட்டும்தானா? சாலையில் செல்லும் நாம் ஒவ்வொருவரும் அந்த நேரத்தில் அவன் குழுவே. மடி கொடுக்க வேண்டியவர்கள் நாமே.

சினம் எல்லை கடக்கும்போது

குழுவின் துயரம் பழியாக மாறினால் என்ன நேரும் என்பதற்கும் தமிழகமும் கருநாடகமும் பகிர்ந்துகொண்ட சான்று ஒன்று உண்டு. வீரப்பன் வேட்டையின் ஆண்டுகளில் அதிரடிப்படையினர் பட்ட இழப்பு சிறிதன்று. 1992 ஆகஸ்டு 14 அன்று கருநாடகக் காவல் கண்காணிப்பாளர் ஹரிகிருஷ்ணாவும் உதவி ஆய்வாளர் ஷகீல் அகமதுவும் காட்டுப்பாதையில் பதுங்கியிருந்தோரின் தாக்குதலில், உடன்வந்த காவலர் சிலரோடு வீழ்ந்தனர். தேசிங்கையும் அவன் தோழனையும் போல இவ்விருவர் பெயரும் இணைந்தே நினைக்கப்படுகின்றன. 1993 ஏப்ரல் 9 அன்று பாலாற்றருகே கண்ணிவெடியில் 22 பேர் மாண்டனர். அவர்களுள் பெரும்பாலோர் சீருடை அணியாதவர்கள். காவல்துறைக்குத் தகவல் தந்து வழிகாட்டச் சென்ற எளியவர்கள். அவர்தம் பெயர்களை நம்முள் எத்தனை பேர் அறிவோம்? எடுத்தனூரார் நாயின் பெயரையும் பொறித்தனர் என்பதை இவ்விடத்தில் நினைக்க நெஞ்சு குறுகுகிறது.

அவ்வேட்டை ஆண்டுகளில் மலையோரச் சிற்றூர் மக்கள் இருபுறமும் நசுங்கினர். அதிரடிப்படையினர் மீது எழுந்த சித்திரவதைக் குற்றச்சாட்டுகளை ஆராயத் தேசிய மனித உரிமை ஆணையம் நீதிபதி சதாசிவா தலைமையில் குழு ஒன்றை அமைத்தது. 2007இல் பாதிக்கப்பட்ட 89 பேருக்கு 2 கோடியே 80 இலட்சம் உரூபாய் இழப்பீடு வழங்க ஆணையம் பரிந்துரைத்தது. தோழரை இழந்த படையின் வலி உண்மையானது. அதை எவரும் மறுக்கவியலாது. அந்த வலியின் பெயரால் குற்றமற்றவர் உடலில் ஏற்பட்ட வலியும் அதே அளவு உண்மையானது. முதல் வலியைக் கூறும் படங்கள் பல. இரண்டாம் வலியை நம் திரை மிக அரிதாகவே தொட்டுள்ளது.

காவலர் ஒருவர் கொல்லப்பட்டதும், பிடிபட்டவனை அங்கேயே சுட்டுத் தள்ள வேண்டும் என்னும் குரல் இன்று தேநீர்க் கடையிலும் ஒலிக்கிறது, வகுப்பறையிலும் ஒலிக்கிறது. நல்ல உள்ளம் படைத்த மாணவர்களே அவ்வாறு பேசுவதைக் கேட்கிறோம். அவர்களைக் கடிய மனம் வரவில்லை. துயரத்தின் உடனடி மொழி அது. ஆயினும், எந்தச் சட்டத்தைக் காக்க அக்காவலர் உயிரைக் கொடுத்தாரோ, அந்தச் சட்டத்தை அவர் பெயராலேயே மீறுவது அவர் இறப்பை வெறுமையாக்குவதாகும். அசுவத்தாமனுக்கும் தந்தையை இழந்த துயரம் இருந்தது. அத்துயரம் அவன் செயலை நியாயமாக்கிவிடவில்லை.

நாம் செய்யத்தக்கன

1959 அக்டோபர் 21 அன்று இலடாக்கில் சீனப் படையினரின் தாக்குதலில் மத்திய ரிசர்வ் காவல் படையினர் பத்துப் பேர் வீழ்ந்தனர். அந்நாளே ஆண்டுதோறும் காவலர் நினைவு நாளாகக் கொண்டாடப்படுகிறது. 2018இல் அதே நாளில் புதுதில்லியில் தேசியக் காவலர் நினைவகம் திறக்கப்பட்டது. விடுதலைக்குப் பின் கடமையில் உயிர்நீத்த 34,000க்கும் மேற்பட்டோரின் பெயர்கள் அங்கே கல்லில் பொறிக்கப்பட்டன. நடுகல் மரபு அற்றுப்போகவில்லை என்பதற்கு அது சான்று. பெயர்கள் கல்லில் உள்ளன. அவை நம் நாவில் இல்லை என்பதே குறை.

நம் மாணவர்களுள் சீருடைப் பணியாளர் தேர்வுக்கு ஆயத்தமாவோர் பலர். விடியற்காலையில் ஏரிக்கரையில் ஓடிப் பழகும் அப்பிள்ளைகள் நாளை உண்மையான குழுக்களில் நிற்கப் போகிறவர்கள். அவர்கள் திரையிலிருந்து மட்டும் பாடம் பெற்றுப் பணிக்குச் செல்லலாகாது. ஆகவே சிலவற்றை முன்மொழிகிறோம். ஒவ்வோர் அக்டோபர் 21 அன்றும் கல்லூரித் தமிழ்த்துறைகள் தம் மாவட்டத்தில் கடமையில் வீழ்ந்த காவலரின் பெயர்களைக் கேட்டுப் பெற்று மாணவர் அவையில் படிக்கலாம். நாட்டுப்புறவியல் பயிலும் மாணவர் செஞ்சி, வல்லம் வட்டாரங்களில் நடுகற்களையும் கதைப்பாடல்களையும் தொகுக்கச் செல்லும்போது, அவ்வீரர்களின் இல்லங்களுக்கும் சென்று, எஞ்சியோர் கூறுவதை எழுதி வரலாம். இறந்தவரின் பிள்ளை எந்த வகுப்பில் பயில்கிறது, உதவித்தொகை வந்துசேர்ந்ததா என்று ஐந்தாண்டு கழித்தும் கேட்கும் ஒருவராவது ஊரில் இருக்க வேண்டும். சமுதாயப் பெரியோர்கள் இதனைத் தம் கடமைகளுள் ஒன்றாகக் கொள்ளுமாறு வேண்டுகிறோம்.

எழுத வல்ல மாணவர்க்கு ஒரு சொல். நாளை உங்களுள் சிலர் தொலைக்காட்சிக்கும் திரைக்கும் எழுதச் செல்லக்கூடும். குழுவில் ஒருவன் வீழும் காட்சியை எழுத நேரும்போது சூளுரையோடு நிறுத்திவிடாதீர்கள். மறுநாட் காலை காவல் நிலைய வருகைப் பதிவேட்டில் அவன் பெயருக்கு நேரே பேனாவை வைத்துத் தயங்கும் எழுத்தரைக் காட்டுங்கள். அவன் பெட்டியைத் திறந்து சீருடையை மடித்து வீட்டாரிடம் கொடுக்கச் செல்லும் தோழனைக் காட்டுங்கள். குற்றம் சாட்டப்பட்டவனை அடித்துவிடத் துடிக்கும் கையை இழுத்துப் பிடித்து, நீதிமன்றத்தில் முறைப்படி ஒப்படைக்கும் அதிகாரியைக் காட்டுங்கள். அந்தக் கையடக்கமே, இறந்தவனுக்கு உடன் நின்றவர் செலுத்தும் இறுதி மரியாதை.